மேல்குரல்

ரூபஸ் ஐந்தரைக்கு எழுந்தான். வாசலில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தான். பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். பொங்குவதற்குள் பல் தேய்த்தான். நேற்றைய தட்டைக் கழுவினான். காபி கலந்து நின்றபடியே குடித்தான். குளித்தான். சீருடைச் சட்டையைத் தேய்க்காமல் போட்டான். பூட்ஸில் ஒட்டிக் காய்ந்திருந்த கரிசல் மண்ணைத் தகரத்துண்டால் சுரண்டி வெளியே தட்டினான். கதவைப் பூட்டினான். பூட்டை இழுத்துப் பார்த்தான். வண்டியை எடுத்தான்.

ஒரு வருஷமாக இதே வரிசைதான். நடுவில் ஒரு வேலை விட்டுப்போனால் அந்த நேரத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. அதனால் எதையும் விடுவதில்லை.

கோவில்பட்டியைத் தாண்டி எட்டயபுரம் சாலையில் போகும்போது போன் வந்தது. சுகுணா. அவன் மனைவி பிரிஸ்கில்லாவின் அம்மா. மக்காச்சோளக் காட்டோரம் வண்டியை நிறுத்தினான்.

“மாப்பிள்ளை, வண்டியிலயா இருக்கீங்க?”

“நிப்பாட்டிட்டேன் அத்தை. சொல்லுங்க.”

“ஞாயித்துக்கிழமை ஞாபகம் இருக்குல்லா?”

“இருக்கு.”

“பாதிரியார் ஐயா நேத்தும் கேட்டாவ, ரூபஸ் தம்பி சாட்சி சொல்லுமா சொல்லாதான்னு. நான் என்னன்னு சொல்லட்டும்?”

“பாப்போம் அத்தை.”

“ஒரு வருஷமா பாத்துக்கிட்டேதான இருக்கீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம். ஒருவர் இறந்து முதல் வருஷம் திரும்பும்போது நினைவு ஆராதனை வைப்பார்கள். முடிவில், சாகும்போது பக்கத்தில் இருந்தவர் எழுந்து, போனவர் கடைசியாகப் பேசிய வார்த்தையைச் சொல்ல வேண்டும். அதுதான் சாட்சி. பிறகு போனவருக்குப் பிடித்த பாட்டைப் பாடகர் குழு பாடும். கடைசி வார்த்தைக்குச் சபையில் ஒரு மதிப்பு உண்டு. இன்னார் வசனம் சொல்லிக்கொண்டே போனார், இன்னார் பாடிக்கொண்டே போனார் என்று இருபது வருஷம் கழித்தும் பேசுவார்கள். ஒரு பெரியவர் கடைசியாகத் தண்ணீர் கேட்டிருந்தார். அதையே ஜீவத்தண்ணீர் என்று விளக்கி முழுச் சபையையும் அழ வைத்துவிட்டார்கள்.

பிரிஸ்கில்லா பேசிய கடைசிப் பேச்சு ரூபஸுக்கு மட்டும்தான் தெரியும். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டெங்குக் காய்ச்சலோடு கிடந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மாலையில் ஒரு ஆளைத்தான் உள்ளே விடுவார்கள். அன்று சுகுணாவின் முறை. “நீங்க போங்க மாப்பிள்ளை, நான் காலையில பாத்துக்கிடுதேன்” என்று அவனை அனுப்பினாள். காலை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சுகுணா விட்டுக்கொடுத்த அந்த மாலையில் மகள் என்ன பேசினாள் என்று கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. கேட்டாள். அடக்கம் முடிந்து கேட்டாள், கிறிஸ்துமஸுக்குக் கேட்டாள், ஆடி மாதத்தில் ஒருநாள் நேரில் வந்து கேட்டாள். “பெருசா ஒண்ணும் சொல்லலை அத்தை” என்றான். ஏதோ பெரியதை ஒளிக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவன் ஒளித்தது பெரியது இல்லை. சபையில் எழுந்து நின்று சொல்லக்கூடிய பேச்சே இல்லை, அவ்வளவுதான். ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அப்படிச் சொன்னால், மறுநாள் முதல் அதுதான் அவள் சொன்னதாக ஆகிவிடும். நாளடைவில் அவனுக்கே அப்படித்தான் ஞாபகம் வரும். அவளிடமிருந்து வேறு யாரும் கை வைக்காமல் அவனிடம் மிச்சம் இருப்பது அந்த அரை நிமிஷம் ஒன்றுதான்.

“பாட்டு நல்லா வந்திருக்கு மாப்பிள்ளை” என்றாள் சுகுணா. “எபநேசர் தம்பி கொயருக்கு நல்லாச் சொல்லிக்கொடுத்திருக்கு. நாளைக்கு நாலு மணிக்குக் கடைசிப் பயிற்சி. வந்து கேளுங்க.”

சரி என்றான். வண்டியை எடுத்தான்.

பாட்டு விஷயமும் அவன் தலையில்தான் வந்திருந்தது. பிரிஸ்கில்லா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கொயரில் பாடுகிறவள். ஊரடங்குக் காலத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது அமெரிக்காவில் ஏதோ மலைநாட்டுச் சனங்களின் பாட்டைக் கண்டுபிடித்தாள். ஐந்து பேர் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடுவார்கள். புளூகிராஸ் என்று பெயர் சொன்னாள். “நீலப்புல்லா? நம்ம ஊருல பச்சைப்புல்லுக்கே வழியில்ல” என்றான் ரூபஸ். அதற்கு மேல் அவன் அதில் அக்கறை காட்டவில்லை. பாஞ்சோ என்ற வாத்தியம் அவன் காதுக்குத் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருந்தது. தகரப்பாட்டு என்று பெயர் வைத்தான். அவள் ஒற்றைக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தாள்.

போன மாதம் சுகுணா, “அவ அதிகமாக் கேக்குற பாட்டை அனுப்புங்க, அதையே பாடுவோம்” என்று கேட்டாள். பிரிஸ்கில்லாவின் போனைத் திறந்தான். எந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டாள் என்று போனே காட்டியது. முதலில் இருந்ததைப் போட்டான். பிடில் எழும்பியது. அணைத்துவிட்டான். அப்படியே சுகுணாவுக்கு அனுப்பிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சி வரைக்கும் போய், கோட்டை வாசலில் இறங்காமலே திரும்பி வந்தான்.

அப்படித்தான் இருந்தான். ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் எழுந்து வந்தான். சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து, சாம்பார் வருவதற்குள் எழுந்தான். துக்கம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். துக்கம் இப்படி இருக்குமா என்று அவனுக்குத் தெரியாது. உள்ளே ஒன்றும் இல்லாத மாதிரிதான் இருந்தது. கால் மட்டும் நிற்காது.

புதூர்ப் பக்கம் கரிசல் காடுகளுக்கு நடுவே அவனுடைய கம்பெனிக்கு வரிசையாகக் காற்றாலைகள். ஊர்க்காரர்கள் காத்தாடி என்பார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் காற்று நின்றுவிடும். இறக்கைகள் அசையாமல் நிற்கும். பழுது பார்க்கிற மாதம் அது. மற்ற இன்ஜினியர்கள் ஆட்களை மேலே ஏற்றிவிட்டுக் கீழே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். ரூபஸ் தானே பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறுவான். மேலே போய்ச் சுற்றிலும் பார்ப்பான். உளுந்து, மக்காச்சோளம், ஈரமான கறுப்பு, மறுபடி உளுந்து. இறங்குவான்.

அன்று மத்தியானம் கன்ட்ரோல் ரூமில் மாரிசெல்வம் சாப்பாட்டைத் திறந்தான். டெக்னீஷியன். புதூர் பக்கத்து ஊர்க்காரன்.

“அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை நானும் வாரேன். கோயிலுக்குள்ள செருப்பைப் போட்டுக்கிட்டு வரலாமா?”

“கழத்திட்டு வாலே.”

“பிரியாணி உண்டுமா?”

“உண்டு.”

“அப்ப கழத்திருதேன்.” ஊறுகாயை நக்கினான். “மைனி கேக்குற பாட்டைத்தான் பாடப்போறாவளாமே. போடுங்களேன், கேப்போம்.”

“தகரச் சத்தம்லே அது.”

“நாங்க கேக்காத தகரமா? அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்கூர் மைக்செட்டைக் கேட்டிருக்கீங்களா?”

மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. போனை மேஜைமேல் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து, பாட்டின் வீடியோவைப் போட்டான். பிடில் எழும்பியது. கை அணைக்கப் போனது. மாரிசெல்வம் சோற்றுக் கையோடு தடுத்தான்.

“இருங்க அண்ணாச்சி. ட்ரம்ஸே காணோம். அப்ப தாளம் யாரு போடுதா?”

அந்தக் கேள்வியைப் பிரிஸ்கில்லாவும் ஒருநாள் கேட்டிருந்தாள், அவனிடம். அவளே சொன்னாள்: ‘மொத்தமாக் கேட்டா இரைச்சலாத்தான் இருக்கும். ஒரு ஆளைப் பிடிச்சுக்கோங்க. அவன் பின்னாலயே போங்க.’

“அந்தப் பெரிய பிடிலைப் பாரு” என்றான் ரூபஸ். “ஆள் உயரத்துக்கு நிக்குல்லா. அது தும் தும்முங்குது. அதுக்கு நடுவுல?”

மாரிசெல்வம் காதைக் கொடுத்தான். “சக்குங்குது.”

“யாரு?”

“பொறுங்க... அந்தச் சின்னதை வச்சிருக்கான்லா, அவன். கம்பியை அமுக்கிக்கிட்டு வெட்டுதான். தும், சக். தும், சக். ஏ அப்பா, ட்ரம்ஸ்காரன் சம்பளம் மிச்சம்!”

மாண்டலின்காரன்தான் அது. அதைப் பிடித்த பிறகு பாட்டு கொஞ்சம் விலகி வழிவிட்டது. பாஞ்சோ ஆலங்கட்டி இல்லை. விழுகிற ஒவ்வொரு துளிக்கும் ஒரு இடம் இருந்தது. பாட்டுக்காரன் ஒரு வரி முடித்துப் பின்னால் நகர, பிடில்காரன் அந்த இடத்துக்குள் நுழைந்தான். அவன் நகர, பாஞ்சோ வந்தது. யாரும் யார்மேலும் இடிக்கவில்லை.

“குழாயடியில பொம்பளைங்க குடத்தை மாத்துற மாதிரிலா இருக்கு” என்றான் மாரிசெல்வம். “ஒரு சொட்டு கீழ சிந்தலை. ஆமா, என்ன சொல்லுதான்? மூக்காலயே பாடுதான், ஒரு எழவும் புரியலை.”

ரூபஸ் முதல் தடவையாக வார்த்தைகளைக் கேட்டான்.

“ஆத்துக்கு அந்தப் பக்கம் வீடு கட்டி வச்சிருக்கேன். சன்னல்ல விளக்கு ஏத்தி வச்சிருக்கேன். வந்து சேருன்னு கூப்பிடுதான்.”

“நல்ல பாட்டால்லா இருக்கு. பொறவு?”

“படகுல கூட்டிட்டுப் போறான். புது வீட்டைக் காட்ட.”

“பொறவு?”

“பாதி ஆத்துல வச்சு அவ சொல்லுதா, உன் தம்பியைத்தான் கட்டிக்கிடப் போறேன்னு.”

“ஏ!” மாரிசெல்வம் பிசைவதை நிறுத்தினான். “பொறவு?”

ரூபஸ் பாட்டைப் பின்னால் தள்ளி அந்த இடத்தை மறுபடி கேட்டான். சந்தேகமே இல்லை.

“கவுத்துருதான்.”

“எதை?”

“படகை. அவன் நீந்திக் கரையேறிட்டான். அவ ஏறலை.”

“கொன்னுபுட்டானா!”

“ஆமா. தினமும் போயி அந்த வீட்டுல விளக்கேத்தி வைக்கான். வந்து சேரு, வந்து சேருன்னு.”

மாரிசெல்வம் சாப்பாட்டைத் தள்ளிவைத்தான். “நம்ம வில்லுப்பாட்டுக் கதைதான் அண்ணாச்சி. வெள்ளைக்காரன் பீடம் போடாம விட்டுட்டான். எங்கூரா இருந்தா ஆத்தங்கரையில அந்தப் பிள்ளைக்கு ஒரு கல்லை நட்டு, வருஷாவருஷம் கொடை குடுத்திருப்போம்.” பிறகு அவனுக்கு உறைத்தது. “இதையா கோயில்ல பாடப்போறாவ?”

ரூபஸ் எழுந்தான். வெளியே போனான். பெல்ட்டை மாட்டிக்கொண்டு, அன்று ஏறவேண்டிய அவசியமே இல்லாத ஒரு காத்தாடியில் ஏறினான்.

சனிக்கிழமை மாலை கோயிலை ஒட்டிய ஹாலுக்குப் போனபோது, வாசலில் கால் வைக்கும் முன்பே பாட்டு கேட்டது. எபநேசர் கீபோர்டில் தாளத்தைத் தட்டிவிட்டிருந்தார். கல்யாண வரவேற்புத் தாளம். அதன்மேல் கொயர்ப் பெண்கள் எட்டுப்பேர் வெகு உருக்கமாக ஆங்கிலத்தில், அக்கரை வீட்டுக்கும் சன்னல் விளக்குக்கும் அழைத்துக்கொண்டிருந்தார்கள். பல்லவியை மட்டும்தான் எடுத்திருந்தார்கள். மற்ற வரிகள் வேகம், வாயில் நுழையவில்லை. சுகுணா முன்வரிசை நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சின்ன வயதிலிருந்து அக்கரை என்றால் மோட்சம், ஆறு என்றால் மரணம், கட்டி வைத்த வீடு என்றால் கர்த்தர் கட்டியது. இரண்டு குரலில் மேளம் இல்லாமல் ஆங்கிலத்தில் ஒருவன் பாடினால் அது ஞானப்பாட்டுதான். வேறு எதுவாக இருக்கும் என்று அந்த ஹாலில் யாருக்கும் தோன்றியிருக்காது.

“வாங்க மாப்பிள்ளை! கேட்டீங்களா?” சுகுணா எழுந்தாள். “எம்பொண்ணு எப்படிப்பட்ட பாட்டை வச்சிருந்திருக்கா பாத்தீங்களா. போறதுக்கு முந்தியே அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.”

ரூபஸ் வாசலுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் நின்றான். திரும்பி ஜன்னல் வரை போய் வந்தான்.

“அத்தை, இது கோயில் பாட்டு இல்ல.”

“என்ன தம்பி சொல்லுதீங்க?” என்றார் எபநேசர். தாளம் ஓடிக்கொண்டே இருந்தது. “வீடு கட்டி வச்சிருக்கேன், விளக்கேத்தி வச்சிருக்கேன், வான்னு கூப்பிடுதாரு. இதுக்கு மேல என்ன வேணும்?”

“கூப்பிடுதது கர்த்தர் இல்ல அண்ணாச்சி. தச்சு வேலை பாக்குற ஒருத்தன்.”

“கர்த்தரும் தச்சர்தானே?”

“அவரு யாரையும் படகோட கவுக்கலையே.”

எபநேசர் தாளத்தை நிறுத்தினார். ரூபஸ் சுருக்கமாகச் சொன்னான். வீடு, படகு, தம்பி, ஆறு. கடைசி வரிசையில் ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். அவள் தோள் குலுங்கியது. பக்கத்தில் நின்றவள் கிள்ளினாள். பிறகு அவளும் குலுங்கினாள்.

சுகுணா சிரிக்கவில்லை.

“கொலைகாரன் பாட்டையா எம்பிள்ளை தினமும் கேட்டுக்கிட்டிருந்தா?”

அவள் ரூபஸைப் பார்த்தாள்.

“அவளுக்கு மனசுல என்ன கஷ்டம் மாப்பிள்ளை? உங்ககிட்ட எதும் சொன்னாளா? அதைத்தான் மறைக்கீங்களா?”

இது இப்படித் திரும்பும் என்று அவன் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் எப்போதும் செய்வதுபோல வெளியே போய் வண்டியை எடுத்திருப்பான். சுகுணாவின் முகம் அவனைப் போகவிடவில்லை.

“இல்ல அத்தை. அவ கதையைக் கேக்கலை. கேட்டது வேற.” அவனுக்கே அது அப்போதுதான் தெரிந்தது. முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு. கேட்டுக்கொண்டே வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தான். ஆனால் அணைக்கவில்லை. “போடுதேன். கேளுங்க.”

ஹால் ஸ்பீக்கரில் போனை இணைத்தான். பிடில் எழும்பியது.

“எல்லாத்தையும் கேக்காதீங்க. அடியில தும்முன்னு ஒண்ணு போகுது பாருங்க, அதை மட்டும்.”

“கேக்குது” என்றார் எபநேசர்.

“அதுக்கு நடுவுல சக்குன்னு வெட்டுதது.”

கொயர்ப் பெண்களில் ஒருத்தி தொடையில் தட்ட ஆரம்பித்தாள். தும்முக்குச் சும்மா இருந்து சக்குக்குத் தட்டினாள். அடுத்தவளும் சேர்ந்துகொண்டாள்.

“இதுதானா? நான் கல்யாணத் தாளத்தைப் போட்டு நாசம் பண்ணிட்டேனே” என்றார் எபநேசர்.

“இப்ப அதை விட்டுருங்க. பாடுறவனைக் கேளுங்க. ரெண்டு பேரு பாடுதான். கீழ ஒருத்தன் பாட்டைக் கொண்டு போறான். மேல ஒருத்தன் அவனைத் தொட்டுக்கிட்டே போறான். ஒட்டவும் மாட்டான், விடவும் மாட்டான். மேல உள்ளவனை மட்டும் பிடிங்க.”

பல்லவி வந்தது. ரூபஸ் ஹாலின் ஓரமாக நடந்துகொண்டே இருந்தான். சுகுணா தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒன்றும் பிடிபடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இரண்டாவது தடவை பல்லவி வந்தபோதும் அப்படித்தான். மூன்றாவது தடவை அவள் கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்தது.

“நிப்பாட்டுங்க. திரும்பப் போடுங்க.”

போட்டான்.

“இது அவ பாடுறதுல்லா.”

“ஆமா அத்தை.”

“அடுப்படியில இதைத்தான பாடுவா? லீவுக்கு வந்தா எங்க வீட்டுலயும் இதேதான். எங்கனயோ தொடங்கும், எங்கனயோ போயி நிக்கும். தலையும் இருக்காது வாலும் இருக்காது. கொயர்ல பாடுற பிள்ளைக்கு இப்படிச் சுதி தப்புதேன்னு நான் திட்டியிருக்கேன்.” அவள் சுற்றிலும் பார்த்தாள். எல்லோரிடமும் நியாயம் கேட்பது போல. “மேல உள்ளதை மட்டும் பாடியிருக்கா. கீழ உள்ளது அவ காதுக்குள்ள ஓடிக்கிட்டிருந்திருக்கு. எனக்கு எப்படிக் கேக்கும்?”

“எனக்கும் தெரியாது அத்தை” என்றான் ரூபஸ். “நான் தகரப்பாட்டுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்.”

“அப்படிச் சொன்னா சிரிப்பாளா?”

“சிரிப்பா.”

“கொலைகாரனுக்குப் பின்பாட்டுப் பாடியிருக்கா, கழுதை” என்றாள் சுகுணா. அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். கடைசி வரிசைப் பெண்கள் அதற்காகவே காத்திருந்தவர்கள் போலச் சத்தமாகச் சிரித்தார்கள்.

எபநேசர் தொண்டையைச் செருமினார். “இப்ப நாளைக்கு என்ன செய்ய? சொல்லப்போனா சபையில எவனுக்கும் இங்கிலீஷ் பாட்டு இவ்வளவு விவரமாப் புரியாது. பாடிருவோமா?”

“வேணாம் தம்பி. தெரிஞ்சுக்கிட்டு எப்படிப் பாட?” என்றாள் சுகுணா. “நம்ம பாட்டு ஒண்ணையே பாடுங்க. அந்தப் பெட்டித் தாளம் வேணாம். மேல ஒரு ஆளு இப்படித் தொட்டுக்கிட்டே போகட்டும். அது போதும்.”

பெண்கள் யார் மேலே பாடுவது என்று சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். ரூபஸ் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். தூறல் விழுந்து ஓய்ந்திருந்தது. கோயில் வளாகத்து மண் செருப்பில் அப்பியது. வண்டிச் சாவியைக் கையில் எடுத்தான். சுகுணா பின்னாலேயே வந்தாள்.

“மாப்பிள்ளை.”

“சொல்லுங்க அத்தை.”

“நாளைக்குச் சாட்சி வேணாம். ஐயாட்ட நான் சொல்லிக்கிடுதேன். பாட்டு மட்டும் போதும்.”

அவன் அவளைப் பார்த்தான்.

“அவ கேட்ட பாட்டை நாமளே மோட்சத்துப் பாட்டாக்கி, கல்யாணத் தாளம் போட்டு, என்ன பாடு படுத்திட்டோம் பாத்தீங்களா? அவ பேசினதை நம்ம கூட்டத்துக்கிட்ட குடுத்தா அது என்னத்துக்கு ஆகும்? உங்ககிட்டயே இருக்கட்டும். நான் இனிமே கேக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு அவள் ஹாலைப் பார்த்துத் திரும்பினாள். இரண்டு எட்டு நடந்தாள். உள்ளே யாரோ மேல்குரலைப் பிடித்துவிட்டு, அது கைநழுவிப் போகவே சிரித்தார்கள்.

ரூபஸ் சாவியைப் பையில் போட்டான்.

“கால் அரிக்குதுன்னு சொன்னா அத்தை.”

சுகுணா நின்றாள்.

“காய்ச்சல் இறங்கியிருந்துச்சு. உடம்பெல்லாம் செவப்பாத் தடிச்சிருந்துச்சு. உள்ளங்கால்ல அரிப்புத் தாங்கலை அவளுக்கு. கையில ஊசி குத்தியிருந்ததால குனிய முடியலை. என்னைச் சொறியச் சொன்னா.”

சுகுணா திரும்பி வந்தாள். ஏமாந்த மாதிரி இல்லை. மகளுக்கு எங்கே வலித்தது என்று டாக்டரிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“எந்தக் கால்?”

“இடது கால்.”

“சொறிஞ்சு விட்டீங்களா?”

“விட்டேன். தூங்குற வரைக்கும் விட்டேன். பொறவு நர்ஸ் வெளிய போகச் சொல்லிட்டாவ.”

“சின்னதுலயே அப்படித்தான். கொசு கடிச்சா ஊரைக் கூட்டுவா.” அவள் அவன் கையைப் பார்த்தாள். “சொறியும்போது சும்மாவா இருந்தா? என்ன சொன்னா? அப்படியே சொல்லுங்க மாப்பிள்ளை. ஒண்ணும் கூட்டிச் சொல்ல வேணாம்.”

அவன் ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, பிரிஸ்கில்லா சொன்ன மாதிரியே சொன்னான்.

“அங்கன இல்ல, கொஞ்சம் கீழ. ம்... அங்கனதான். ஏங்க, நகமே வெட்ட மாட்டீங்களா நீங்க?”